வாளி முறை

ஔவை நகர் குடியிருப்பில் சி பிளாக் இரண்டாவது மாடியில் இருந்த வாசுகியின் மகள் தமயந்தி, டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவள், காமாலை என்று பொய் சொல்லி நாலு மாத லீவு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து லைசென்ஸ் பரீட்சைக்காகச் சத்தம் போட்டுப் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே, கீழ்வீட்டு ரிட்டையர்டு சர்வேயர் பஞ்சநாதனின் இருபது வருஷத்துச் சளி அவரை விட்டுக் கிளம்பி, படியேறி வந்து, கதவுக்கு அடியில் நுழைந்து, அவள் நாற்காலிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டது.

அதைப் பார்த்து யாரும் அலறவில்லை. தமயந்தி காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். பச்சையும் மஞ்சளுமாக, இரண்டு கை சேர்த்து அள்ளுகிற அளவுக்கு, மூச்சு விடுவது போல ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை வாசுகி குனிந்து பார்த்தாள். "தவளைன்னு நெனச்சேன். சளிடீ" என்று சொல்லிவிட்டு முறமும் வாளியும் எடுத்துவரப் போனாள். அதற்குள் பஞ்சநாதனே மேலே வந்துவிட்டார். அடிவயிறு வரைக்கும் மூச்சு இழுத்துவிட்ட சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, காணாமல் போன ஆட்டுக்குட்டியை அடையாளம் சொல்கிறவரைப் போல, "ஆமா, நம்மளதுதான்" என்றார்.

"காலைல நுரையீரல் பாடம் படிச்சேன் மாமா" என்றாள் தமயந்தி.

"அப்பிடியா? நல்லா படிம்மா, நல்லா படி" என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அவர் இறங்கிப் போனார். இருபது வருஷம் தன் நெஞ்சுக்குள் வைத்து வளர்த்த பொருளை இரண்டு நிமிஷம் பார்க்க அவரால் முடியவில்லை.

அந்தக் காமாலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் படித்த கல்லூரியில் வார்டு வார்டாகக் காலையிலிருந்து இரவு வரை நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்புகிறவர்களுக்குப் புத்தகத்தைத் திறக்கவே கை வராது. அதனால் பரீட்சை நெருங்கும்போது, கண்முழி பாலாக வெளுத்திருக்கிற பிள்ளைகளெல்லாம் காமாலை என்று சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார்கள். பேராசிரியர்களும் தங்கள் காலத்தில் தங்களுக்கு வந்த காமாலையை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் காமாலை ஒரு பிள்ளைக்கு ஒரு தடவைதான் வரலாம். இந்த லீவில் எழுதிப் பாஸாகாவிட்டால் தமயந்திக்கு இன்னொரு லீவு கிடையாது. அவள் அப்பா குவைத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம் விமானம் ஏறியவர், "நீ லைசென்ஸ் வாங்குற அன்னைக்கு நான் டிக்கெட் போடுறேன் பாப்பா" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். வாசுகி அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நடமாடிக்கொண்டிருந்தாள்.

சத்தம் போட்டுப் படிப்பது தமயந்திக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்த பழக்கம். தமிழ் மீடியத்தில் நாற்பது பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் ஒரே குரலில் மனப்பாடம் செய்து வளர்ந்தவளுக்கு, வாயால் சொல்லாத பாடம் மண்டையில் ஏறாது. அவள் அறைக்குள் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்துகொண்டே சொல்லச் சொல்ல, ஜன்னல் வழியாக அந்தக் குரல் எத்தனை வீட்டுக்குப் போனதோ அத்தனை வீட்டிலிருந்தும் அந்தந்தப் பாடத்துக்கு உரிய வியாதி எழுந்து வந்தது. சிறுநீரகம் படித்த அன்று மூன்று பிளாக்கிலிருந்தும் கற்கள் படிப்படியாகத் தத்தி ஏறி வந்தன. சர்க்கரை வியாதியைப் படித்த அன்று பாகு மாதிரி ஒன்று தரையெல்லாம் வழிந்து, அதன் பின்னாலேயே ஔவை நகரின் எறும்புகள் மொத்தமும் வந்தன. குடல் பாடத்துக்குப் புழுக்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசை கலையாமல் வந்தன. ஆறாத புண்ணெல்லாம் சீழாக வந்து, கஞ்சி ஆறினாற்போல மேலே ஆடை கட்டி நின்றது. மூலம் படித்த அன்று என்ன வந்தது என்று சொல்ல எனக்கு இஷ்டமில்லை. நிறைய வந்தது என்பதோடு விட்டுவிடலாம்.

சாயங்காலமானால் வாசுகி வாளியை எடுப்பாள். அள்ளி, வழித்து, துடைத்து, பினாயில் ஊற்றிக் கழுவி, வாளியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி, குடியிருப்புக்குப் பின்னால் வற்றிப்போன வாய்க்கால் பக்கம் தோண்டியிருந்த குழியில் கொட்டி, பிளீச்சிங் பவுடர் தூவிவிட்டு வருவாள். ஆரம்பத்தில் தமயந்திதான் தூக்கினாள். வார்டில் சீழும் ரத்தமும் பார்த்துப் பழகியவளுக்கு அதில் கூச்சம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வாளி கொட்டிவிட்டு வந்து உட்காருவதற்குள் அன்றைய பாடம் பாதி நின்றுபோகிறது என்று கண்டு வாசுகி அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நீ படி. இது என் வேலை."

"இது உன் வேலையா? யாரு சொன்னது?"

"உங்கப்பன் அங்க வெயில்ல வேகுறதுக்கு யாரு சொன்னது? பேசாம படிடீ."

ஔவை நகருக்கு இந்த அதிசயம் செரிக்க ஒரு வாரம்கூட ஆகவில்லை. குடிதண்ணீர் வரும் நேரம் எழுதிப் போடுகிற பலகையில், அதற்குக் கீழேயே, 'இன்றைய பாடம்' என்று எழுத ஆரம்பித்தார்கள். குடியிருப்புச் சங்கத்துக்குப் பஞ்சநாதன்தான் செயலாளர் என்பதால், எந்தப் பாடம் முதலில், எது பிறகு என்பதை அவரே தீர்மானித்தார். ஏ பிளாக்காரர்கள் மூட்டுவலி முதலில் வேண்டும் என்றார்கள், பி பிளாக்காரர்கள் தைராய்டு என்றார்கள், கைகலப்பு வரைக்கும் போய் சமாதானமானது. மற்ற ஊரிலிருந்து சொந்தக்காரர்களை வரவழைத்து, குரல் நன்றாகக் கேட்கிற ஜன்னலோரமாகப் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். ஓசியென்றால் பினாயிலைக்கூடக் குடிக்கிறவர்கள் என்று வாசுகி முணுமுணுத்தாள். அப்போதும் அவள் குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட இருந்தது. தன் மகள் டாக்டராவதற்கு முன்பே ஊரைக் குணப்படுத்துகிறாளே என்று.

படிக்கிற பிள்ளைக்கு என்று கேசரி வந்தது, ஆட்டுக்கால் சூப் வந்தது, வெண்டைக்காய் மூளைக்கு நல்லது என்று கூடை நிறைய வெண்டைக்காய் வந்தது. எல்லாம் வாசல்படி வரைக்கும்தான் வந்தது. டப்பாவைப் படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போவார்கள். பிறகு டப்பாவைத் திருப்பி வாங்குவதையும் நிறுத்தினார்கள், "நீங்களே வெச்சுக்கங்கக்கா, எங்கட்ட நெறைய இருக்கு" என்று. கறிவேப்பிலைக்கும் உறைமோருக்கும் தினம் வந்து போனவர்கள் வாசுகியை மாடிப்படியில் பார்த்தால் சுவரோடு சுவராக ஒட்டி நின்று வழிவிட்டார்கள். ஒருத்தி, மூலம் போனதால் இப்போதுதான் நிம்மதியாக உட்கார முடிகிறவள், "வாசுகிக்கா, நாங்க வெளக்கேத்துற நேரத்துல அந்த வாளியத் தூக்கிட்டு எறங்காதீங்களேன், ஒரு மாதிரியா இருக்கு" என்றாள். இன்னொருத்தர் வாளிக்கு மூடி போடச் சொன்னார். வாசுகி மூடி போட்டாள். மூடி போட்டாலும் நாற்றம் வருகிறது என்று பின்பக்கமாக இறங்கச் சொன்னார்கள். பின்பக்கம் படியே கிடையாது.

தமயந்திக்குக் குமட்டியது. தரையில் ஊர்ந்துகொண்டிருந்ததைப் பார்த்தல்ல. அதையாவது ஒரு வாளியில் அள்ளிவிடலாம். தங்கள் உடம்பிலிருந்து வந்ததைத் தாங்களே பார்க்க மாட்டேன் என்கிற ஜனங்களை, அதை அள்ளுகிறவளைக் கண்டால் ஒதுங்குகிற ஜனங்களை எதில் அள்ளுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுப் படித்துப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் பஞ்சநாதன் கீழேயிருந்து கத்தினார்: "பாப்பா, காத்தோட்டமாப் படிம்மா! ஜன்னலத் தொற!"

ஒரு நாள் புழுக்களைப் பற்றிய பாடம் அவளுக்குக் குழம்பிவிட்டது. எந்தப் புழு எந்த வழியாக உடம்புக்குள் போகும் என்பது மறந்துபோய், நின்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், குழியிலிருந்து புழுக்கள் மண்ணைத் தள்ளிக்கொண்டு கிளம்பி, வந்த வரிசையிலேயே நடந்து, மூன்றாவது மாடி இரட்டைப் பிள்ளைகளின் வயிற்றுக்குத் திரும்பிப் போயின. பிள்ளைகளின் தகப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்று சத்தம் போட்டான். "ஒழுங்காப் படிக்க மாட்டியாம்மா? லீவு போட்டு வந்து தூங்கிக்கிட்டா இருக்க?" தமயந்தி அந்தப் பாடத்தை மறுபடி படித்தாள். புழுக்கள் மறுபடி வந்தன. வாசுகி மறுபடி அள்ளினாள்.

இதற்குள் வாசுகியின் கை வெந்துபோயிருந்தது. சீழும் பிளீச்சிங் பவுடரும் மாறி மாறிப் பட்டு, விரலிடுக்கிலெல்லாம் தோல் உரிந்து, சோறு பிசையும்போது உப்புப் பட்டால் பல்லைக் கடித்துக்கொண்டாள். தமயந்தி தினமும் விடிந்ததும் தோல் வியாதிப் பாடத்தை அம்மாவின் காதோரமாக உட்கார்ந்து படிப்பாள். கை ஆறும். அந்த உரிந்த தோலும் நீரும் தரைக்கு வந்து சேரும், அதையும் வாசுகிதான் அள்ளுவாள். சாயங்காலம் வாளியைத் தொட்டதும் மறுபடி வெந்துபோகும்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தபோதுதான் ஔவை நகருக்கு அந்தச் சந்தேகம் வந்தது. கிளப்பியவர் பஞ்சநாதன். அவர் மகன் இன்ஜினியரிங்கில் முதல் வகுப்பு வாங்கியவன். பரீட்சை முடிந்த மறுவாரம் வீட்டு மிக்சியின் பிளக்கை மாட்டத் தெரியாமல் நின்றவன். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விடும் என்பது யாருக்குத் தெரியாது? அது அவரவர் வீட்டிலேயே நடந்திருக்கிறது. இந்தப் பெண் எழுதிவிட்டு வந்து மறந்துவிட்டால்? குழியில் கிடக்கிறதெல்லாம் திரும்பி வந்தால்?

சங்கக் கூட்டம் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, மோட்டார் அறைக்கு முன்னால் நடந்தது. மூன்று பிளாக்கும் வந்திருந்தது. பஞ்சநாதன் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு இனிமையாக ஆரம்பித்தார்.

"தமயந்தி, நீ பரீட்சை எழுத வேணாம்னு நாங்க யாரும் சொல்லல. இந்த வருஷம் வேணாம்ங்கிறோம். பரீட்சை எங்கம்மா ஓடிப் போகப் போகுது? நீ பாட்டுக்குப் படி. படிச்சுக்கிட்டே இரு. வேணுங்கிறத நாங்க பாத்துக்கிறோம்."

"எனக்கு இன்னொரு லீவு தர மாட்டாங்க மாமா."

"உடம்புக்கு முடியலைன்னா தராமயா போவாங்க?" என்றார். பிறகு அதே இனிமையோடு, "காமாலைன்னு சொல்லித்தான வந்திருக்க. காமாலையே இல்லைன்னு டீனுக்குத் தெரிஞ்சாத்தான் கஷ்டம். நாங்க யாரும் சொல்லப் போறதில்ல. ஊருக்குள்ள ஒத்துமையா இருந்தா யாரு சொல்லப் போறா?"

கூட்டம் தலையாட்டியது. அவர்களுடைய சர்க்கரையையும் கல்லையும் புழுவையும் பெயர் பெயராக அறிந்திருந்த தமயந்தி, அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி அள்ளி ஊற்றிக்கொள்கிற முகங்கள்.

வாசுகி எழுந்து நின்று, முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த கைகளை எடுத்து எல்லோருக்கும் தெரிய விரித்துக் காட்டினாள். முன்வரிசை கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. யாரோ 'த்சோ' என்றார்கள்.

"சரி மாமா" என்றாள் தமயந்தி. "நான் எழுதல."

வாசுகி திரும்பி மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் குவைத் விமானம் ஒன்று கிளம்பாமலே நின்றது.

"எழுதல. எங்கப்பா இன்னும் ரெண்டு வருஷம் கிரேன் ஓட்டட்டும். நான் இங்கயே உக்காந்து படிக்கிறேன், மறக்காம, ஜன்னலத் தொறந்து வெச்சு. ஒண்ணே ஒண்ணுதான். இங்க மோட்டார் போடுறதுக்கு முறை இருக்கு. படி கழுவுறதுக்கு முறை இருக்கு. பிள்ளையார் சதுர்த்திக்குச் சுண்டல் அவிக்கிறதுக்குக்கூட வீட்டுக்கு வீடு முறை இருக்கு. நாளையிலருந்து வாளிக்கும் முறை வைங்க. ஒரு நாளைக்கு ஒரு வீடு. எங்க வீட்டு முறை வர்றப்ப எங்கம்மாவே தூக்குவாங்க. அவ்வளவுதான்."



முதலில் பேசியது ஏ பிளாக் வக்கீல் குமாஸ்தா. "என்னோடதுன்னா நான் எடுத்துக்குவேன்மா. அடுத்தவன் எச்சில, அடுத்தவன் சீழ… அதெப்படி?" சர்க்கரை இறங்கியவர், எங்கள் வீட்டுப் பொம்பளைகளுக்கு அந்த மாதிரி வேலையெல்லாம் பழக்கம் இல்லை என்றார். மூலக்காரி, வீட்டில் பூஜை அறை இருக்கிறது என்றாள். ஒருவர், நாங்கள் இன்ன ஆட்கள், எங்களைப் போய் வாளி தூக்கச் சொன்னால் ஊரில் சம்பந்தம் பேசுவார்களா என்றார். இன்னொருவர், அப்படியானால் நாங்கள் மட்டும் என்ன மட்டமா என்று எகிறினார். யார் வீட்டுச் சளியை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்பதில் மூன்று பிளாக்கும் ஆறேழு கட்சியாகப் பிரிந்துகொண்டது. கொஞ்ச நேரத்துக்குத் தமயந்தி அங்கே நிற்பதையே மறந்துபோனார்கள்.

பி பிளாக் செண்பகம் மட்டும் கையைத் தூக்கினாள். அவள் புருஷனுடைய கல் வந்த அன்று, வாசுகியிடம் வந்து "என்னால ஆனது ஏதும் உண்டாக்கா?" என்று கேட்டவள் அவள். தூக்கிய கையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷன் மணிக்கட்டோடு பிடித்துக் கீழே இறக்கினான். "ஒனக்கு எதுக்குடி இந்த வேல? சும்மா இரு." அவன் வலியில்லாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். செண்பகம் இன்னொரு தடவை அந்தக் கையைத் தூக்கப் பார்த்தாள். அவன் விடவில்லை.

"ஆளு வெச்சுருவோமே" என்றார் பஞ்சநாதன், பிரச்சினை தீர்ந்த மாதிரி. "அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்கள்ல. அந்த ஜனங்கள்ல ஒருத்தரக் கூப்புட்டு, மாசம் இவ்வளவுன்னு பேசி…"

"ஆள் வெச்சா நான் வாயத் தொறக்க மாட்டேன் மாமா. ஒங்க முறைக்கு நீங்கதான் தூக்கணும்."

பஞ்சநாதன் அவளைப் பார்த்தார், பிறகு வாசுகியின் கைகளைப் பார்த்தார், பிறகு வேறு எங்கோ பார்த்தார். சங்கம் தனக்குள் குசுகுசுவென்று பேசியது. நிறைய நேரம் பேசவில்லை. அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"போயி நல்லபடியா எழுதும்மா" என்றார். "படிச்ச பிள்ள, பரீட்சை எழுதணும்ல. காமாலையப் பத்தி நாங்க ஏன் பேசப் போறோம்?"

பரீட்சையன்று காலையில் ஔவை நகரே வாசலில் வந்து நின்று வழியனுப்பியது. திருநீறு பூசிவிட்டார்கள், எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். கேட்டைப் பஞ்சநாதனே திறந்துவிட்டார். தமயந்தி கணினி முன் உட்கார்ந்தபோது, ஒவ்வொரு கேள்வியும் அவளுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக் கதவைப் போல இருந்தது. இது குமாஸ்தாவுடையது, இது மூலக்காரியுடையது, இது அந்த இரட்டைப் பிள்ளைகளுடையது என்று தட்டித் தட்டித் திறந்துகொண்டே போனாள். ஒன்றும் தப்பவில்லை. எழுதி முடித்து வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில், கூட வந்திருந்த அம்மாவுக்கும் தனக்கும் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டாள். வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.

தூங்கத் தூங்க மறந்தது. மறக்க மறக்கக் குழி அசைந்தது. பிளீச்சிங் பவுடர் வெள்ளையாக ஒட்டியிருந்தபடியே கற்கள் உருண்டு வந்தன, பாகு வழிந்து வந்தது, புழுக்கள் வரிசையாக வந்தன. வீட்டு எண்ணை யாரிடமும் விசாரிக்காமல் அவரவர் கதவுக்கு அடியில் நுழைந்து, அவரவர் உடம்பில் ஏறி, பழைய இடத்தில் உட்கார்ந்துகொண்டன. ஒன்றுகூட வீடு மாறிப் போகவில்லை. வாசுகியின் கையில் மட்டும் புதுத்தோல் வந்திருந்தது. அது எந்தப் பாடத்தாலும் வந்ததில்லை.

தமயந்தி கல்லூரிக்குத் திரும்பப் பெட்டி கட்டிய காலையில் எல்லோரும் படியேறி வந்தார்கள். நொண்டிக்கொண்டும், இடுப்பைப் பிடித்துக்கொண்டும், முன்னால் பஞ்சநாதன், ஒவ்வொரு படிக்கும் ஒரு இருமல். முந்தின நாள்தான் முடிவு வந்திருந்தது. அவள் பாஸ் என்பது எல்லோருக்கும் தெரியும், அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"பாப்பா, இன்னொருக்கா… ஒரே ஒருக்கா… வாய்விட்டுப் படிச்சுட்டுப் போம்மா" என்றார் அவர்.

தமயந்தி உள்ளே போய், பினாயில் போட்டுக் கழுவிக் காயவைத்திருந்த வாளியை எடுத்துவந்து, படிமுனையில் அவர்களுக்கும் தனக்கும் நடுவில் வைத்தாள்.

"படிக்கிறேன் மாமா. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு. இன்னைக்கு யாரு முறை?"

அவர்கள் வாளியைப் பார்த்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குப் பின்னால் செண்பகம் முண்டியடித்து மேலே வரப் பார்த்தாள். முன்னால் நின்றவர்கள் யாரும் நகர்ந்து வழிவிடவில்லை. பிறகு, கடைசியில் நின்றவர் முதலில் திரும்ப, அவருக்கு முன்னால் நின்றவர் அடுத்துத் திரும்ப, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் செண்பகத்தையும் தள்ளிக்கொண்டு எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

பஞ்சநாதன் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார். நெஞ்சு இரைந்தது. வாளிக்குள் எட்டிப் பார்த்தார். அது சுத்தமாக, காலியாக, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் துண்டை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.